ஆடிக் காற்று, குளத்து மண், கரும்புச் சாம்பல்: கொங்கு நாட்டில் செராமிக் பட்டறை வைப்பவர்களுக்கு

கொங்குப் பக்கம் செராமிக் வேலை தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் வெளியூரிலிருந்து களிமண் மூட்டையை வரவழைத்து, போனில் பார்த்த கோப்பையைச் செய்ய உட்கார்ந்துவிடுகிறார்கள். கை பழகுவதற்கு அது போதும். ஆனால் "இயற்கையிலிருந்து எடுத்துச் செய்கிறேன்" என்று சொல்லிக்கொள்ள, கோப்பை மேல் ஓர் இலையை வரைந்தால் போதாது. சுற்றுவட்டாரத்து மண்ணும் சாம்பலும் கல்லும் காற்றும் பாத்திரத்துக்குள் இறங்க வேண்டும். அதற்கு ஒரு குறிப்பேடு, ஒரு தராசு, நிறைய வாளிகள், ஓர் ஆறு மாதப் பொறுமை இருந்தால் போதும்.

தென்னிந்தியாவில் இந்த வேலைக்கு இரண்டு வேர்கள் உண்டு. ஒன்று ஊர்ச் சூளை: ஏறக்குறைய 700 முதல் 850 டிகிரிக்குள் சுட்ட, தண்ணீர் கசிகிற சுடுமண். மற்றொன்று 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் பாண்டிச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைப் போன்ற பட்டறைகளின் வழி வந்த ஸ்டோன்வேர்: 1200 டிகிரிக்கு மேல் சுட்டு, கிளேஸ் என்னும் கண்ணாடிப் பூச்சு ஏற்றி, கண்ணாடியாய் இறுகியது. இரண்டுக்கும் மண் வேறு, சூடு வேறு. இந்த வேறுபாடு மனதில் பதியாமல் குளத்து மண்ணில் கோப்பை வனைந்து 1240 டிகிரிக்கு ஏற்றினால், சூளைத் தட்டின் மேல் பழுப்பாக உருகிய ஒரு குட்டைதான் மிஞ்சும். தட்டும் போச்சு.

ஊர்ச் சூளையில் கற்க வேண்டியது

மண்பாண்டம் செய்கிறவர்களிடம் போக வைகாசி, ஆனி நல்ல மாதங்கள். ஐப்பசியில் போனால் கார்த்திகை விளக்கு வேலை, மார்கழியில் பொங்கல் பானை, மாசி பங்குனியில் மாரியம்மன் நோன்பு. பேச அவர்களுக்கு நேரம் இருக்காது. "எந்தக் குளத்து மண்ணுங்கண்ணா? எத்தன அடியில எடுக்கறீங்க? மணல் எவ்வளவு சேர்ப்பீங்க?" இந்த மூன்று கேள்விக்கும் விடை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஊருக்கு ஊர் கலவை மாறும். ஒரே குளத்திலேயே கரையோர மண் விளக்குக்கும், நடுக்குளத்து மண் பானைக்கும் என்று பிரித்து வைத்திருப்பார்கள்.

மாரியம்மன் நோன்பில் ஏந்தும் தீச்சட்டியான பூவோட்டை ஒரு முறை கையில் வாங்கிப் பாருங்கள். உள்ளே நெருப்பு கனன்றுகொண்டிருக்க, கையில் ஏந்தி ஊரைச் சுற்றுகிறார்கள், அது வெடிப்பதில்லை. நன்கு இறுகிய ஸ்டோன்வேர் கிண்ணத்தில் அதே நெருப்பைப் போட்டால் பெரும்பாலும் இரண்டாகப் பிளந்துவிடும். பூவோட்டு மண்ணில் மணல் அதிகம், சூடு குறைவு. அதனால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள் நிறைய. திடீர்ச் சூட்டில் பிறக்கும் விரிசல் ஓர் இடைவெளியில் முட்டி அங்கேயே நின்றுவிடும். இறுகிய மண்ணில் அதை நிறுத்த ஒன்றும் இல்லை. அடுப்பில் ஏறும் சட்டிக்கு மணல் கலந்த சுடுமண், தேநீர்க் கோப்பைக்கு ஸ்டோன்வேர் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒரே மண்ணில் இரண்டையும் செய்ய முயன்று காசை விட்டவர்கள் நிறைய.

மண் எடுத்தல்

குளத்தில் மண் எடுக்க வட்டாட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும். விவசாயத்துக்குத் தருவதுபோல மண்பாண்டத் தொழிலுக்கும் தருகிறார்கள். சொந்தத் தோட்டத்தில் கிணறோ குட்டையோ வெட்டும்போது வரும் களி இன்னும் சுலபம். மேலே இருக்கும் அரை அடியை ஒதுக்குங்கள். வேரும் சாணமும் கலந்திருக்கும். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு கிலோ போதும். பையின் மேல் ஊர், ஆழம், தேதி எழுதாமல் வீட்டுக்கு வரக் கூடாது. மூன்று பை ஒன்றாகச் சேர்ந்தால் எது எதுவென்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டு இடத்து மண்ணைத் தொட வேண்டாம். சாயக்கழிவு தேங்கிய நொய்யல் கீழ்ப்பகுதி வண்டல் ஒன்று. உப்பும் உலோகமும் அதில் படிந்திருக்கும். சுட்டாலும் உப்பு வெள்ளையாய்ப் பூத்து மேலே வந்து நிற்கும். மற்றொன்று கரிசல். பிசையும்போது வெண்ணெய்போல இருக்கும், ஆசை காட்டும். அதிலுள்ள களித்துகள் தண்ணீரைக் குடித்து வீங்கி, காயும்போது அதே அளவுக்குச் சுருங்கும். பாத்திரம் கோடை வயல்போலப் பிளக்கும். மற்ற மண்ணுக்கு இழுவை குறைவாக இருந்தால் நூற்றுக்கு ஐந்து பங்கு கரிசல் சேர்க்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

கொங்கு மண்ணின் பெரிய தலைவலி சுக்கான் கல். மேட்டாங்காடுகளில் வெள்ளை வெள்ளையாய்க் கிடக்கும் சுண்ணாம்புக் கட்டி. மண்ணில் ஒரு மிளகளவு இருந்தாலும் சூளையில் அது சுட்ட சுண்ணாம்பாகிவிடும். சூளையிலிருந்து எடுக்கும்போது பாத்திரம் அழகாக இருக்கும். பத்து நாளில் காற்றின் ஈரத்தைக் குடித்து அந்தக் கட்டி வீங்கும்; பாத்திரத்தின் மேல் காசளவு ஒரு சில்லு தெறித்து விழும், பள்ளத்தின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். விற்ற பிறகு வாங்கியவர் வீட்டில் இது நடந்தால் மானம் போகும். காய்ந்த மண்ணில் ஒரு துளி வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. நுரை மெல்லியதாக, எங்கும் ஒரே சீராக இருந்தால் தூளாய்க் கலந்திருக்கிறது, பெரிய தொல்லை இல்லை. ஓரிடத்தில் மட்டும் பொங்கினால் கட்டியாக இருக்கிறது. நன்றாகச் சலிக்காமல் சூளைக்குள் வைக்கக் கூடாது.

வாளியில் நடக்கும் வேலை

மண்ணை முதலில் எலும்புபோலக் காயவிடுங்கள். ஈரக் கட்டியைத் தண்ணீரில் போட்டால் வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். நன்கு காய்ந்த கட்டியோ தண்ணீர் பட்டதும் மூச்சு விட்டுக்கொண்டு தானாக உதிரும். ஒரு பங்கு மண்ணுக்கு மூன்று பங்கு தண்ணீர். போர்வெல் தண்ணீர் இந்தப் பக்கம் பெரும்பாலும் உப்பும் கடினமும். கூரையில் பிடித்த மழைத் தண்ணீர் சிறந்தது. ஒரு நாள் ஊறவிட்டு, கையால் கலக்கி, முதலில் 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்), பிறகு 80 மெஷ் சல்லடையில் வடிக்க வேண்டும். சல்லடைக்கு அலைய வேண்டாம்: திருப்பூரில் ஸ்கிரீன் பிரிண்டிங் கடைகளில் கிடைக்கும் மெஷ் துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டினால் வேலை நடக்கும். கடையில் சொல்லும் எண் அங்குலத்துக்கா சென்டிமீட்டருக்கா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். சென்டிமீட்டர் கணக்கில் 32 என்றால் அங்குலக் கணக்கில் ஏறக்குறைய 80.

வடித்த குழம்பு இரண்டு நாளில் தெளியும். மேல் தண்ணீரை இறுத்து, குழம்பை ஈரோட்டுக் காடாத் துணியில் மூட்டையாகக் கட்டி நிழலில் தொங்கவிடுங்கள். நான்கைந்து நாளில் பிசையும் பதத்துக்கு வரும். வெள்ளை உப்பு பூக்கிற மண்ணாக இருந்தால் மேல் தண்ணீரை இரண்டு முறை மாற்றிக் கொட்டினால் பெரும்பங்கு போய்விடும். பதமான மண்ணை பிளாஸ்டிக் பையில் கட்டி, குறைந்தது ஒரு மாதம் மூலையில் போட்டு வையுங்கள். நாற்றம் வந்தால் நல்லது. இழுவை கூடுகிறது என்று அர்த்தம்.

அடுத்தது அளவு. 14 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 1 செ.மீ. கனத்தில் பட்டைகள் ஆறு செய்து, ஒவ்வொன்றிலும் சரியாக 10 செ.மீ.க்குக் கோடு கீறுங்கள். காய்ந்ததும் அளந்தால் 9.4 வந்தால் காய்வுச் சுருக்கம் நூற்றுக்கு 6. சுட்ட பிறகு 9.0 வந்தால் மொத்தச் சுருக்கம் 10. காய்வதிலேயே 8க்கு மேல் சுருங்கினால் அந்த மண்ணுக்குத் தனியே வேலை கொடுக்காதீர்கள். சுட்ட பழைய மண் ஓட்டை உடைத்து 30 மெஷ்ஷில் சலித்த தூளை நூற்றுக்கு 10 முதல் 20 சேருங்கள். பட்டைகளை 900, 1000, 1100 டிகிரியில் இரண்டிரண்டாகச் சுட்டு, எடை போட்டு, இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்து, ஒரு நாள் ஊறவைத்து, துடைத்து மறுபடி எடை போடுங்கள். 100 கிராம் 112 ஆனால் உறிஞ்சல் 12. குளத்து மண்ணுக்கு 1000 டிகிரியில் இது சாதாரணம். 1100இல் பட்டை உப்பிக் கொப்புளம் கட்டினாலோ வளைந்தாலோ எல்லை தெரிந்துவிட்டது. அதற்கு மேல் அந்த மண் பாத்திரத்துக்கு ஆகாது, கிளேஸுக்கு ஆகும். இதைப் பின்னால் பார்க்கலாம்.

பெரும்பாலான செம்மண் களிக்குத் தொடக்கக் கலவை இப்படி வைத்துக்கொள்ளலாம்: குளத்து மண் 70, ஃபயர்கிளே (அதிகச் சூடு தாங்கும் களி) 20, ஓட்டுத் தூள் 10. கோவையில் வார்ப்படத் தொழிலுக்குப் பொருள் விற்கும் கடைகளில் ஃபயர்கிளே, சூளைச் செங்கல், செராமிக் ஃபைபர், சூடு அளக்கும் தெர்மோகப்பிள் எல்லாம் கிடைக்கும். சோடா ஆஷ், சோடியம் சிலிகேட், சி.எம்.சி. பசை மூன்றும் சாயப்பட்டறைக்கான கெமிக்கல் கடைகளில் கிடைக்கும். செராமிக் கடை இல்லாத ஊர் என்று குறைப்படுகிறவர்கள் தப்பான கடையில் கேட்கிறார்கள்.

காற்று

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி முதல் ஆவணி வரை வீசும் மேல்காற்றுதான் கொங்குப் பட்டறையின் முதல் எதிரி. பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலை சுற்றுகிற அதே காற்று, சன்னலோரம் வைத்த ஈரக் கோப்பையின் ஒரு பக்கத்தை மட்டும் இரண்டு மணி நேரத்தில் காய வைத்துவிடும். காய்ந்த பக்கம் சுருங்கும், ஈரப் பக்கம் சுருங்காது. வாய் முட்டை வடிவாகும், கைப்பிடி ஒட்டிய இடத்தில் முடி மாதிரி ஒரு விரிசல் விடும். சுடும் வரை அது கண்ணுக்குத் தெரியாது.

அதனால் பட்டறைச் சாளையின் மேற்குச் சுவரில் சன்னல் வைக்காதீர்கள். ஏற்கெனவே இருந்தால் ஆடியில் சாக்கைத் தண்ணீரில் நனைத்துத் தொங்கவிடுங்கள். வனைந்த பாத்திரத்தின் மேல் முதல் நாள் செய்தித்தாளும் அதற்கு மேல் பிளாஸ்டிக்கும். நேராகப் பிளாஸ்டிக்கைப் போட்டால் அதில் கோத்த தண்ணீர் சொட்டி விளிம்பைக் கெடுக்கும். இரண்டாம் நாள் பாத்திரத்தைக் கவிழ்த்து வையுங்கள். விளிம்பு மெல்லியது, எப்போதும் முதலில் காயும், அடி தடித்தது, பின்தங்கும். கவிழ்த்தால் இரண்டும் சேர்ந்து காயும். வட்டலுக்கு (தட்டுக்கு) இன்னும் கவனம் வேண்டும்: விளிம்பைச் சுற்றி மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாடாவை வளைத்துவிட்டு, நடுவைத் திறந்து வையுங்கள்.

அடியில் எஸ் வடிவ விரிசல் விழுந்தால் பழியைக் காற்றின் மேல் போட வேண்டாம். சக்கரத்தில் அடி மண்ணை அழுத்தாததே காரணம். சுவரை இழுத்து உயர்த்தும்போது சுவர் மண் நெருங்கிக்கொள்ளும், அடி மண் தளர்ந்தே கிடக்கும். சுவரை எடுக்கும் முன் மரப்பட்டையால் விளிம்பிலிருந்து நடுவுக்கும் நடுவிலிருந்து விளிம்புக்கும் மூன்று முறை அழுத்தித் தேயுங்கள். அடியில் தேங்கிய தண்ணீரை பஞ்சால் எடுத்துவிடுங்கள்.

கார்த்திகை, மார்கழியில் தொல்லை எதிர்ப்பக்கம். ஒரு வாரம் ஆகியும் அடி சில்லென்றே இருக்கும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றால் ஈரம் உள்ளே இருக்கிறது, சூளையில் வைக்கக் கூடாது.

பார்ப்பது, பிறகு செய்வது

இயற்கையிலிருந்து எடுப்பதில் பலர் சறுக்குவது இங்கேதான்: ஒரு முறை பார்த்துவிட்டு நினைவிலிருந்து செய்கிறார்கள். நினைவில் இருப்பது அந்தக் காய் அல்ல, பாடப்புத்தகத்துப் படம். ஒரே பொருளை ஒரு வாரம் தினம் ஒரு முறை வரையுங்கள். மூன்றாம் நாள் அதைக் குறுக்கே வெட்டி வரையுங்கள், ஐந்தாம் நாள் நெடுக்கே. கடைசி நாளில் வெளிக்கோட்டை மட்டும் கறுப்பாக நிரப்புங்கள். பாத்திரத்துக்கு வேண்டியது அந்த நிழலுருவமே.

பருத்திக் காயை எடுத்துக்கொள்வோம். வெடிக்காத காய் ஒரு நீள்முட்டை, நுனியில் சிறு மூக்கு. அடியில் பல்வெட்டு விளிம்புள்ள மூன்று செதில்கள் கையேந்தியதுபோல் தாங்கி நிற்கும். குறுக்கே வெட்டினால் மூன்று முதல் ஐந்து அறைகள். வெளித்தோலில் அறைக்கொரு மெல்லிய பள்ளக்கோடு ஓடும். காய் பிளப்பது அந்தக் கோட்டில்தான். இதை மூடி போட்ட ஜாடியாக்க, ஏறக்குறைய 900 கிராம் மண்ணில் 14 செ.மீ. உயரத்துக்கு, வாய் ஒடுங்கிய ஓர் உருண்டை ஜாடி வனையுங்கள். சுவர் 7 மி.மீ. இருக்கட்டும், மெல்லியதாக இருந்தால் அடுத்த படியில் கிழியும். மறுநாள், விரலால் அழுத்தினால் தடம் பதியும் ஆனால் ஒட்டாது என்ற பதத்தில், வாயிலிருந்து அடிவரை நான்கு இடத்தில் நூல் வைத்து அடையாளம் செய்து, வெளியிலிருந்து பென்சிலைக் கிடையாக வைத்து மெதுவாக அழுத்திப் பள்ளம் எடுங்கள். பிறகு நீளக் காம்புள்ள மரக்கரண்டியின் முதுகால் உள்ளேயிருந்து இரண்டு பள்ளத்துக்கு நடுவே தள்ளுங்கள். பள்ளத்தை ஆழப்படுத்தி வடிவம் எடுக்கப் பார்த்தால் அங்கே சுவர் மெலிந்து சூளையில் பிளக்கும். மேட்டை வெளியே தள்ள வேண்டும், பள்ளம் தானாகத் தெரியும். மூடியில் அந்த மூக்கை வையுங்கள். செதிலை ஒட்டாதீர்கள். அடிப்பாகத்தில் மூன்று வளைவாகக் கிளேஸை நிறுத்தி, மீதியை வெறும் மண்ணாக விட்டாலே செதில் வந்துவிடும். எல்லாவற்றையும் அப்படியே காட்டிவிட்டால் அது பொம்மைக் கடைப் பருத்தியாகிவிடும்.

வேறு என்ன எடுக்கலாம் என்று தேட வேண்டாம். கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் வெள்வேலம் மரத்துக் காய், கிளுவை வேலியின் உரிந்துவரும் பட்டை, எருக்கங்காயின் உப்பல், பனை மரத்தில் மட்டை விழுந்த தழும்பு வளையங்கள். ஒன்றே ஒன்றை ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

மேற்பரப்புக்குத் தென்னை மரத்துப் பன்னாடையைப் போல ஒரு கருவி கடையில் கிடைக்காது. நெய்த துணி அல்ல, ஆனால் நெய்ததுபோலக் குறுக்கும் நெடுக்கும் நார் ஓடும். பழுப்பேறிய பன்னாடையைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, தூசியைக் கழுவி, 7 மி.மீ. கன மண் பலகையின் மேல் விரித்து உருட்டுக்கட்டையால் ஒரே ஓட்டத்தில் உருட்டுங்கள். திரும்ப உருட்டினால் தடம் இரட்டிக்கும். காய்ந்த பன்னாடையை அப்படியே வைத்தால் முள் முள்ளாய் மண்ணில் தங்கிவிடும்.

இலைத் தடத்துக்கு நரம்பு புடைத்த இலை வேண்டும். பூவரசு, அரசு, ஆமணக்கு நன்றாகப் பதியும். வேம்பு பதிந்தும் பதியாமலும் போகும். நரம்புப் பக்கம் மண்ணைப் பார்க்க வைத்து உருட்டி, இலையை அப்படியே விட்டு, பலகை கொஞ்சம் இறுகிய பிறகு காம்பைப் பிடித்து உரியுங்கள். சுட்ட பிறகு அதே குளத்து மண்ணின் குழம்பில் சிறிது இரும்பு ஆக்சைடு கலந்து தேய்த்து, ஈரப் பஞ்சால் மேலே மட்டும் துடைத்தால் நரம்புக்குள் நிறம் தங்கும். துடைத்த பஞ்சைத் திருப்பிப் போடாமல் திரும்பத் திரும்பத் தேய்த்தால் எல்லாமே அழுக்காகும்.

வற்றிய குளத்து வெடிப்பைப் பாத்திரத்தில் கொண்டுவர சோடியம் சிலிகேட் போதும். 18 செ.மீ. உயரத்துக்கு நேரான உருளை வனையுங்கள், சுவர் 9 மி.மீ., நீங்கள் விரும்பும் கடைசி வடிவத்தைவிட ஒல்லியாக. வெளியே வெள்ளைக் களிக் குழம்பை மெல்லியதாகப் பூசி, பளபளப்பு அடங்கியதும் சோடியம் சிலிகேட்டைத் தூரிகையால் இரண்டு கோட் தடவுங்கள். ஹீட் கன்னால், சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே, விரலில் ஒட்டாத வரை காய வையுங்கள். இனி வெளிப்பக்கத்தைத் தொடக் கூடாது. உள்ளே மட்டும் கை விட்டு வயிற்றை வெளியே தள்ளுங்கள். காய்ந்த தோல் நீளாது, உள்மண் நீளும். வெள்ளைப் பாளங்கள் பிளந்து செம்மண் இடையில் தெரியும். வைகாசியில் குளம் கிடக்கிற கோலம் அதுவேதான். வாயருகே ஒரு விரல் அகலத்துக்குச் சிலிகேட் படாமல் விடுங்கள், இல்லையென்றால் உதடு கிழியும். சிலிகேட் பட்ட கழிவு மண்ணைத் தனி வாளியில் போடுங்கள். நல்ல மண்ணோடு சேர்ந்தால் மொத்த மூட்டையும் கொழகொழத்துப் போய் வனைய வராது.

கொடுமணல் மெருகு

சென்னிமலைக்கு அந்தப் பக்கம், நொய்யலின் வடகரையில் இருக்கும் கொடுமணலில் தோண்டி எடுத்த ஓடுகளில் இரண்டு வகை செராமிக்காரர்கள் பார்க்க வேண்டியவை. உள்ளும் விளிம்பும் கறுத்து வெளியே சிவந்த கறுப்பு சிவப்புப் பானை ஒன்று. செங்காவிப் பூச்சுக்கு அடியில் வெள்ளை அலைக்கோடுகள் தெரியும் பூச்சுப் பானை இன்னொன்று. இரண்டிலும் கிளேஸ் கிடையாது. பளபளப்பு முழுக்க நுண்களியும் தேய்ப்பும்தான்.

அதன் பக்கத்தில் போக டெரா சிகிலாட்டா என்னும் நுண்களிப் பூச்சைச் செய்து பாருங்கள். ஒரு லிட்டர் மழைத் தண்ணீரில் 4 கிராம் சோடியம் சிலிகேட்டைக் கரைத்து, நன்கு காய்ந்த செங்களித் தூள் 400 கிராம் போட்டுக் கலக்கி, கண்ணாடி ஜாடியில் 20 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மூன்று அடுக்காகப் பிரியும்: மேலே தண்ணீர், அடியில் கசடு, நடுவில் பால்போன்ற நுண்களி. நடு அடுக்கைச் சிறு குழாயால் உறிஞ்சி எடுங்கள். ஊற்றினால் கலங்கிவிடும். முழுதும் காய்ந்த பாத்திரத்தில் மென்தூரிகையால் மூன்று மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றும் மங்கியதும் அடுத்தது. பிறகு வழுவழுப்பான கூழாங்கல்லாலோ மெல்லிய பிளாஸ்டிக் பையை விரலில் சுற்றியோ தேயுங்கள். 900 டிகிரிக்குள் சுட்டால் மெருகு நிற்கும். 1000ஐத் தாண்டினால் மங்கிவிடும்.

உள்கறுப்புக்கு, பாத்திரத்துக்குள் உமியை அடைத்து மணல் படுகையில் கவிழ்த்து, வெளியே மட்டும் காற்றுப் படும்படி விறகடுக்கிச் சுட வேண்டும். உள்ளே காற்று போகாததால் கரி ஏறும். விளிம்பு மணலில் எவ்வளவு புதைந்ததோ அதுவே கறுப்பின் எல்லைக்கோடு.

சூளை

மின்சூளை 60 லிட்டர் அளவுக்கே 6 கிலோவாட் போல இழுக்கும். மும்முனை இணைப்பு இல்லாமல் வாங்க வேண்டாம். முதல் சூடான பிஸ்குக்கு 100 டிகிரி வரை இரண்டு மணி நேரம், அங்கே இரண்டு மணி நேரம் நிறுத்தம், மூடியில் விரலளவு இடைவெளி. அடுத்து 600 வரை மணிக்கு 80 முதல் 100 டிகிரி. மண்ணோடு வேதியாகப் பிணைந்த தண்ணீர் வெளியேறுவதும், 573 டிகிரியில் வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) துகள் சட்டென விரிவதும் இந்தப் பாதையில். இங்கே அவசரப்பட்டால் பாத்திரம் வெடிக்கும் அல்லது விண் என்று ஒரு கோடு விடும். 600க்கு மேல் மணிக்கு 150, 980இல் கால் மணி நேரம் நிறுத்தி அணைத்துவிடலாம். நடுவில் கரண்ட் போனால் பதற வேண்டாம், மூடியைத் திறக்காமல் விடுங்கள். வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஏற்றலாம். இறங்கும்போது 100க்குக் கீழே வரும் வரை திறக்கக் கூடாது.

சாம்பல் கிளேஸ்

இங்கே ஸ்டோன்வேர் மண் வெளியிலிருந்து வாங்கியதாகவே இருக்கட்டும். கொங்கு அதன் மேல் கிளேஸாக ஏறும். கிளேஸுக்கு வேண்டிய பெல்ட்ஸ்பார் கல்லும் வெங்கச்சங்கல்லும் கரூர், நாமக்கல் பக்கம் வெட்டி எடுக்கிறவை. தூளாக மூட்டையில் கிடைக்கும். காங்கேயத்துச் சிவன்மலைப் பாறையே நெஃபலின் சையனைட் என்னும் கிளேஸ் கல்தான். அதற்காக மலையைக் கொத்தப் போகாதீர்கள். இரும்புத் துகள் கலந்தது, கடை மூட்டையே மேல்.

சாம்பலில் வகை முக்கியம். சீமைக்கருவேல் போன்ற விறகுச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து மிகுதி, கிளேஸை உருக வைத்து ஓடவிடும். வெல்லம் காய்ச்சும் ஆலைக்கொட்டாயில் கிடைக்கும் கரும்புச் சக்கைச் சாம்பலிலும் உமிச் சாம்பலிலும் மணல் சத்து மிகுதி, பால்போல வெளுக்க வைக்கும். ஒரு கொட்டாயில் ஒரே நாளில் பத்து கிலோ வாங்கி வையுங்கள். அடுத்த மாதச் சாம்பல் வேறு பொருள் என்றே கொள்ள வேண்டும். கரி போகச் சலித்து, தண்ணீரில் கரைத்து, மூன்று முறை மேல் தண்ணீரை மாற்றுங்கள். அந்தத் தண்ணீர் காரம், கையைப் பொத்துவிடும். உறை போடாமல் தொடக் கூடாது. காயவைத்து 80 மெஷ்ஷில் சலியுங்கள்.

தொடக்கக் கலவை: விறகுச் சாம்பல் 40, பெல்ட்ஸ்பார் 40, குளத்துச் செங்களி 20. 1260 டிகிரியில் இது தேன் நிறத்துக்கும் பச்சைக்கும் நடுவே, மழைத் தண்ணீர் வடிந்த சுவர்போலத் தாரை தாரையாக ஓடும். சாம்பலில் பாதியைக் கரும்புச் சாம்பலாக மாற்றினால் தாரை அடங்கி, மேகம் கட்டும். ஐந்து கிண்ணத்தில் விறகுச் சாம்பலையும் கரும்புச் சாம்பலையும் 40-0, 30-10, 20-20, 10-30, 0-40 என்று கலந்து, நின்ற நிலையில் சுடக்கூடிய எல் வடிவ வில்லைகளில் பூசிச் சுடுங்கள். ஒவ்வொரு வில்லைக்கும் அடியில் ஒரு மண் தட்டு வைத்தே தீர வேண்டும். சூளைத் தட்டில் அலுமினாவும் சைனாகிளேயும் சரிபாதி கலந்த பூச்சு இருக்க வேண்டும்.

100 கிராம் தூளுக்கு 80 மில்லி தண்ணீர். பிஸ்க் பாத்திரத்தை ஈரப் பஞ்சால் துடைத்து, மூன்று எண்ணும் நேரம் முக்கி எடுங்கள். ஊசியால் கீறிப் பார்த்தால் கனம் 1 மி.மீ. இருக்க வேண்டும். அடியிலிருந்து 8 மி.மீ. துடைத்துவிடுங்கள், சாம்பல் கிளேஸ் எப்போதும் எதிர்பார்த்ததைவிட ஒரு விரற்கடை கூடவே இறங்கும். கிளேஸ் சுருண்டு வெறும் மண் தெரிந்தால் தூசியோ எண்ணெய்க் கையோ அதிகக் கனமோ காரணம். வலைபோல விரிசல் விட்டால் மண்ணைவிடக் கிளேஸ் அதிகம் சுருங்குகிறது. வெங்கச்சங்கல் தூள் 5 பங்கு கூட்டுங்கள். ஊசித்துளைகள் வந்தால் பிஸ்கை 1000 டிகிரிக்கு ஏற்றி அரை மணி நேரம் நிறுத்திப் பாருங்கள்.

தூள் எடை போடும்போது என்95 முகக்கவசம் கட்டாயம். பட்டறையைச் சீமாறால் பெருக்கவே கூடாது, ஈரத் துணியால் துடைக்க வேண்டும். மணல் சத்துத் தூசி நுரையீரலில் படிந்தால் திரும்ப வெளியே வராது. ஈயம் சேர்ந்த எதையும் பட்டறைக்குள் விடாதீர்கள்.

சாப்பிடும் பாத்திரம் என்றால் விற்கும் முன் இரண்டு சோதனை. ஓர் எலுமிச்சைத் துண்டைக் கிளேஸ் மேல் ஒரு நாள் வைத்து எடுங்கள். நிறம் மாறியிருந்தால் அது அலமாரிக்கு மட்டும். பிறகு கோப்பை நிறையத் தண்ணீர் ஊற்றிச் செய்தித்தாள் மேல் இரவு முழுதும் விடுங்கள். காலையில் தாளில் ஈர வளையம் இருந்தால், கோப்பையின் அடியில் பென்சிலால் ஒரு குறி போட்டு, செடி வைக்க எடுத்துக்கொள்ளுங்கள்.